கம்ப்யூட்டருக்குத் தெரியாத பத்துக் குப்பி

பாகீரதியின் ஸ்டோரில் பாம்புக்கடி மருந்து கம்ப்யூட்டரைக் கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும். ஐஸ்பெட்டியைத் திறந்து இன்சுலின் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டால் பத்துக் குப்பி இருக்கும். நாலு வருஷமாக இப்படித்தான். ஒருவருக்குக் கடி என்று வந்தால் முதலில் ஏற்றுவதற்குப் பத்து வேண்டும். அதனால் பத்து.

மலைக்கும் நகரத்துக்கும் நடுவழியில் இருக்கிற அரசு மருத்துவமனை அது. நகரத்து வலியசாலையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, இருபத்தாறு வருஷமாக அங்கே மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவள் பாகீரதி. ரிட்டயராக இன்னும் எட்டு மாசம். ஒரு பாரசிட்டமால் பட்டை கணக்கில் உதைத்தால்கூட அன்றைக்குச் சாப்பாடு இறங்காத மனுஷி. அப்படிப்பட்டவள் ஏன் இந்தத் திருட்டுத்தனம் செய்தாள் என்றால், அதற்குக் காரணம் அந்தக் கம்ப்யூட்டர்தான்.

எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று எல்லா ஆஸ்பத்திரிக்காரர்களும் பார்க்கும்படி அதை வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தட்டுப்பாடு வந்ததும் அங்கே ஒருவர் திரையைப் பார்ப்பார். யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பேருக்கு உடனே ஓர் உத்தரவு வரும். பின்னாலேயே வண்டி வந்து துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். பெரியவர்கள் கேட்டால் சின்னவர்கள் கொடுக்க வேண்டியதுதான். நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை பாகீரதியிடமிருந்து பதினான்கு குப்பியை அப்படி அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் ரப்பர் வெட்டும் பையன் ஒருவனை, காலில் அணலி, அதாவது கண்ணாடிவிரியன், கடித்தது என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டோரில் ஒன்றுமில்லை. நகரத்துக்கு அனுப்பினார்கள். பாகீரதியின் மருந்து இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அவனும் போனான், ஆனால் உயிரோடு போய்ச் சேரவில்லை.

அந்த வாரமே பாகீரதி தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். சரக்கு வந்ததும் பத்துக் குப்பியைக் காஷுவாலிட்டிக்குக் கொடுத்ததாகக் கம்ப்யூட்டரில் எழுதிவிடுவாள். குப்பி ஐஸ்பெட்டியை விட்டு நகராது. கண்ணில் பட்டால்தானே கேட்பார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பத்தால் ஐந்து பேர் பிழைத்தார்கள். ஒருமுறை செலவானால் அடுத்த சரக்கில் மறுபடியும் பத்தை ஒதுக்கிவிடுவாள். டாக்டர்களுக்கு இது தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். மலையடிவாரத்து ஆரோக்கிய நிலையத்தில் இருந்த வேலாயுதன் டாக்டர் போன் பண்ணினால், சுற்றி வளைக்காமல், "பாகீரதி, இல்லாதது இருக்கா?" என்பார். இருக்கு என்று இவள் சொன்னதும் ஆளை அனுப்பிவிடுவார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் காடு வெட்டப் போய்க் கடிவாங்கின தங்கபாண்டி இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிழைத்தது அப்படித்தான். கண் செருகிக் கிடந்தவன் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, மருந்து கொடுத்த அம்மா யார் என்று விசாரித்து, ஸ்டோர் வாசலில் வந்து நின்று கும்பிட்டான். பாகீரதிக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சட்டம் என்னவாவது சொல்லட்டும், தான் செய்வது சரி என்று அவள் மனசு அன்றைக்கு அடித்துச் சொன்னது.

போன ஏப்ரலில் வேலாயுதன் டாக்டருக்குக் கண்ணூருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு ராஜஸ்ரீ என்று ஓர் இளம் டாக்டர் வந்தாள். வேலாயுதன் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று பாகீரதி நினைத்தாள். பாகீரதியே சொல்லிக்கொள்வாள் என்று அவர் நினைத்தாராம். மே மாசத்தில் ஒரு கூட்டத்தில் ராஜஸ்ரீயும் பாகீரதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். சொல்லிவிடலாம் என்று பாகீரதிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பெண் கண்டிப்பானவள் போலத் தெரிந்தாள். கையில் நோட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவளிடம் போய், 'நான் பொய்க்கணக்கு எழுதுகிறேன், உனக்கு வேண்டுமானால் கூப்பிடு' என்று எப்படிச் சொல்வது? பழகட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். டீயையும் பிஸ்கட்டையும் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தாள்.

ஜூன் மாசம், மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு மருந்து லாரி வந்தது. மருத்துவமனை கேட் குறுகல். லாரி பாதி உள்ளேயும் பாதி ரோட்டிலுமாக நிற்க, சுமட்டுத் தொழிலாளிகள் குளுக்கோஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு பாகீரதி வாசலில் நின்று பெட்டியை எண்ணினாள். மலைப்பக்கத்திலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. உள்ளே வருமோ என்று பாகீரதி பார்த்தாள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, நகரத்துக்குப் போகணும், வழி விடுங்க என்று கையைக் காட்டினார். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு, லாரிக்காரரை விரட்டி வண்டியை ஒதுக்கச் சொன்னாள். மூன்று நாலு நிமிஷம் ஆயிற்று. பிறகு நடுரோட்டில் நின்றுகொண்டு, எதிரே வந்த ஆட்டோவை நிறுத்தி, ஆம்புலன்ஸைப் போ போ என்று தானே கையசைத்து அனுப்பி வைத்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு, அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் ஷிஜா போனைப் பார்த்துக்கொண்டே, போனக்காட்டில் கொழுந்து கிள்ளப் போன ஒரு பெண்ணைப் பாம்பு கடித்து, நகரத்துக்குப் போகிற வழியில் செத்துப்போனாள் என்று சொன்னாள். பாகீரதி கையிலிருந்த பேனாவை மூடினாள். எப்போது என்று கேட்டாள். காலையில் என்றாள் ஷிஜா. அப்புறம் பேரைக் கேட்டாள். ஆவுடைத்தாய், நாற்பத்தொரு வயசு, புருஷன் பேர் தங்கபாண்டி.

மிச்சத்தை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லத்தான் பாகீரதி தெரிந்துகொண்டாள். எட்டு மணிக்குக் கடித்திருக்கிறது. மூர்க்கன், அதாவது நல்லபாம்பு. தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறவர்கள் ஜீப் பிடித்து அடிவாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மருந்து கிடையாது. ராஜஸ்ரீ கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் பூஜ்யம் என்று அது காட்டியது. நடுவில் நிறுத்தி நேரத்தை வீணாக்கக் கூடாது, எங்கும் நிற்காமல் நகரத்துக்குப் போ என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். அவள் செய்ததில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. திரையில் தெரிந்ததை நம்பினாள். நம்பும்படிதான் பாகீரதியும் எழுதி வைத்திருந்தாள். நகரத்து எல்லையைத் தொடுவதற்குள், பத்தே முக்காலுக்கு, மூச்சு நின்றுவிட்டது.

அதற்கு அரைமணி நேரம் முன்னால் அந்த வண்டி பாகீரதிக்கு முன்னால் நின்றது. மருந்துக்கும் ஆவுடைத்தாய்க்கும் நடுவில் முற்றம் ஒன்றுதான் இருந்தது. டியூட்டி டாக்டரும் இருந்தார். பாகீரதி ஐஸ்பெட்டியைத் திறந்து, பின்னால் கையை விட்டு, பத்தும் இருக்கிறதா என்று எண்ணினாள். இருந்தது. ஏன் இருக்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஐஸ்பெட்டியின் கதவைக்கூடச் சாத்தாமல் அழுதாள்.

ஷிஜா கதவைச் சாத்தினாள். அவள் நெடுமங்காட்டில் பிறந்த கொத்தனார் மகள். பேச்சில் பாதி மலையாளம் இருக்கும், தைரியம் முழுசாக இருக்கும். "மேடம் மிண்டாம இருந்தா மதி, வாயே திறக்க வேண்டாம். இது நம்ம வேணும்னு செஞ்சதல்லல்லோ" என்றாள். அதோடு நிற்காமல், காஷுவாலிட்டியிலிருந்து திரும்பி வந்ததாக எழுதி அந்தப் பத்தையும் அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். இனி யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று அவளுக்குச் சமாதானம். மறுநாள் பதினோரு மணிக்கு நகரத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரு மணிக்கு வண்டி வந்து எட்டைக் கொண்டுபோயிற்று. மீதி இரண்டை வைத்துக்கொண்டு ஒருவரையும் காப்பாற்ற முடியாது. பாகீரதிக்குச் சிரிப்பு வந்தது, அதைப் பார்த்து ஷிஜா பயந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பத்திரிகையில் செய்தி வந்துவிட்டதாம். நடுவில் ஆஸ்பத்திரி இருக்க, ஏன் நிற்காமல் போனார்கள் என்று கேட்கிறார்களாம். அன்றைக்கு உங்களிடம் எத்தனை இருந்தது என்று வெங்கிடேஷ் என்கிற அதிகாரி கேட்டார். கம்ப்யூட்டரில் பூஜ்யம் சார், என்றாள் பாகீரதி. அது எங்களுக்கும் தெரிகிறது, எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த வாரத்துக்குள் அனுப்புங்கள், ஃபைலை முடித்துவிடலாம் என்றார் அவர். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை.

வீட்டில் கணவர் சேஷனிடம் சொன்னாள். கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீயா பாம்பை விட்டுக் கடிக்கச் சொன்னாய்? ஐந்து பேரைப் பிழைக்க வச்சிருக்காய், அதை மறந்துடாதே" என்றார். ஐந்து பேரை அவள் மறக்கவில்லை. அந்த ஐந்தில் ஒருவனின் பெண்டாட்டிதானே செத்துப்போனவள். அன்று ராத்திரி முழுக்க யோசித்தாள். அப்புறம் சனிக்கிழமை உட்கார்ந்து, நாலு வருஷமாகச் செய்து வந்ததையும், அன்றைக்குப் பத்துக் குப்பி கையில் இருந்ததையும், அது தன் ஒருத்தியின் தப்பு, ராஜஸ்ரீ டாக்டர் மேல் குற்றமில்லை என்பதையும் ஒரு தாளில் எழுதினாள். பென்ஷன் போகலாம். கேஸ்கூட வரலாம். போனால் போகட்டும் என்று கையெழுத்தும் போட்டு, உறைக்குள் வைத்து, அலுவலக மேஜையில் வைத்துக்கொண்டாள். அனுப்புவதற்கு முன் தங்கபாண்டியைப் பார்த்துவிட வேண்டும். பத்திரிகையில் படித்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. தன் வாயால் சொல்ல வேண்டும். அவன் ஏசட்டும், வேண்டுமானால் அடிக்கட்டும் என்றிருந்தாள். உண்மையைச் சொன்னால், அடிபட்டாவது கொஞ்சம் மூச்சுவிட முடியும் என்று நம்பினாள்.

தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை காலை அவனே வந்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்க நகரத்துக்குப் போகிறானாம், வழியில் இறங்கியிருக்கிறான். முகம் வற்றி, ஒரு வாரத்துத் தாடியோடு, ஸ்டோர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். பாகீரதி ஷிஜாவை வெளியே அனுப்பிவிட்டு, அவனை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

சுற்றிவளைத்துத்தான் ஆரம்பித்தான். ஆவுடைத்தாய்க்கு அடிவாரத்தில் வைத்துப் பேச்சு நன்றாகத்தான் இருந்ததாம். வண்டியில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் இமை தொங்கிவிட்டது, நாக்கு குழறிவிட்டது. கையில் மட்டும் பிடி இருந்தது. ஆம்புலன்ஸில் இருந்த நர்ஸ் பையன் நல்ல பையன், கடைசிவரை பையை அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, தான் வந்த விஷயத்துக்கு வந்தான்.

"எல்லாரும் இங்க மருந்து இல்லைன்னுதான் சொல்லுதாங்க. டாக்டரம்மாவும் கம்ப்யூட்டரைக் காட்டிச் சொல்லுச்சு. எனக்குத்தான் மனசு கேக்கல. உங்க வாயால ஒருக்கா சொல்லுங்கம்மா. அன்னைக்கு இல்லதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் அதைக் கேட்கத்தான் ஒரு பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தான். அது பாகீரதிக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது, புரிந்தது. ஆனால் எட்டு நாளாக நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இதற்கு மேல் ஒரு பொய் சொல்லத் தெம்பில்லை.

"இருந்தது, தங்கபாண்டி. பத்துக் குப்பி இருந்தது. நான்தான் கம்ப்யூட்டர்ல இல்லைன்னு எழுதி வச்சிருந்தேன். உனக்குக் குடுத்தேனே, அதே மாதிரி வச்சிருந்தது. வண்டியில யாருன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன். தப்பு என்னோடது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவன் சத்தம் போடவில்லை. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அப்ப நான் சொன்னது சரிதான்" என்றான்.

வண்டி லாரிக்குப் பின்னால் நின்றபோது இது எந்த இடம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதாம். எழுந்து நின்று, இங்கே மருந்து இருக்கும், எனக்கே இங்கேதான் குடுத்தாங்க, கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் இருக்கும், அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். நர்ஸ் பையன் நேரமாகிறது, டாக்டர் சொல்லியிருக்கிறார், உட்காருங்கள் என்றான். இவன் மறுபடியும் சொன்னான். அப்போது ஆவுடைத்தாய் அவன் கையைப் பிடித்து இழுத்தாளாம்.

"சண்டை போடாத, உக்காருன்னு சொல்லுதான்னு நெனச்சேன். எப்பவும் அப்படித்தான் இழுப்பா, நான் யார்கிட்டயாவது மல்லுக்கு நின்னா. உக்காந்துட்டேன்." அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "எறக்கிவிடச் சொல்லியிருக்கா. அவளுக்குத் தெரியும்லா, எனக்கு இங்க வச்சுத்தான் குணமாச்சுன்னு. அவதானே மூணு நாளும் கூட இருந்தா."

பாகீரதி, அப்படி இல்லை, அவள் மயக்கத்தில் இழுத்திருப்பாள், பயத்தில் பிடித்திருப்பாள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஒன்றும் உள்ளே போகவில்லை. தன்னை ஏசினாலாவது அவனுக்கு ஆறும் என்று பட்டது. எல்லாம் என்னால்தான், என்னைத் திட்டேன் என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். உங்களை என்னத்துக்கும்மா ஏசணும், நீங்க வச்சிருந்ததாலதானே நான் இருக்கேன் என்று அவன் சொன்னான். பேச்சில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மேஜைமேல் இருந்த உறையை எடுத்துக் காட்டினாள். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், இன்றைக்கு மாவட்ட ஆபீசுக்கு அனுப்பப் போகிறேன், யார் தப்பு என்று ஊருக்கே தெரியட்டும், உன்மேல் ஒரு பழியும் வராது என்றாள். அப்போதுதான் அவன் முதல்முறையாகப் பதறினான். எழுந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்தான்.

"அதை அனுப்பாதீங்கம்மா. என் மவ அஜிதா பன்னெண்டாவது படிக்கா. அன்னைக்கே கேட்டா, அந்த ஆஸ்பத்திரியில ஏன்ப்பா எறக்கலன்னு. அங்க மருந்து இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். பேப்பர்ல வந்தா அவ படிச்சிருவா. நீ ஏன்ப்பா உக்காந்தன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

உறை பாகீரதியின் கையிலேயே இருந்தது.

"யார் கேட்டாலும் இல்லைன்னே சொல்லிருங்க. எனக்காகச் சொல்லுங்க."

வெளியே மருந்து வாங்க நிற்பவர்கள் ஷிஜாவிடம் சீட்டை நீட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கபாண்டி கூப்பின கையை எடுக்கவில்லை. சரி என்றாள் பாகீரதி. அவன் தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மத்தியானம் வெங்கிடேஷ் மறுபடியும் கூப்பிட்டார். எழுதி அனுப்பச் சொன்னது இன்னும் வந்து சேரவில்லையே, அன்றைக்கு இருப்பு எவ்வளவு என்று இப்போது வாயால் சொன்னால்கூடப் போதும், நானே எழுதிக்கொள்கிறேன் என்றார். "ஒண்ணும் இல்லை சார்" என்றாள் பாகீரதி. அவர் நன்றி சொன்னார்.